உவரிச் சீலாவும் சென்னை ஷீலாவும்

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வளாக மரங்களுக்குப் பெயர்ப்பலகை வைக்கும் தீர்மானத்தை ஒட்டி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை.)

தலைவர் அண்ணாச்சி எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிஷம். முப்பது வருஷத்துக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். மணி அடித்தால்தான் நிறுத்திப் பழக்கம். இங்கே மணி கிடையாது. காபி டம்ளர் சத்தம் கேட்டால் நிறுத்திக்கொள்கிறேன்.

போன கூட்டத்தில் நம் வளாகத்து மரங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைப்பதென்று தீர்மானம் போட்டோம். அப்போது ஒரு கேள்வி வந்தது: தமிழ்ப் பெயர் போதாதா, அந்த லத்தீன் பெயரை யார் படிக்கப் போகிறார்கள், எழுத்துக்கு இவ்வளவு என்று பெயின்டர் காசு கேட்கிறாரே என்று. நியாயமான கேள்வி. மரத்தை வைத்துப் பதில் சொல்வதைவிட மீனை வைத்துச் சொல்வது எனக்கு எளிது. நான் உவரிக்காரன்.

உவரி என்றால் உங்களில் பாதிப் பேருக்கு அந்தோணியார் கோயில், மீதிப் பேருக்கு சுயம்புலிங்க சுவாமி கோயில். நாவல் படிக்கிறவர்களுக்கு ஜோ டி குரூஸின் ஊர். எனக்கு அது காலை நேரத்து மீன் ஏலம். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் ஒரு குவியலில் என்னென்ன மீன் கிடக்கிறது என்பதை ஏலம் கேட்கிறவர்கள் ஒரே பார்வையில் பிரித்துவிடுவார்கள். பிரிக்கத் தெரியாதவருக்கு அன்றைக்கு நஷ்டம். வகைப்பாட்டியல் என்று கரும்பலகையில் எழுதி நான் நடத்திய பாடத்தை, அங்கே வயிற்றுப்பாட்டுக்காக தினமும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் கரையில் சீலா என்றால் உயர்ந்த மீன். விருந்தாளி வந்தால் வாங்குகிற மீன். சென்னையில் அதற்கு வஞ்சிரம் என்று பெயர். கன்னியாகுமரி தாண்டி மேற்கே போனால் நெய்மீன். ஒரு மீனுக்கு மூன்று பெயர், அதுவரைக்கும் தொந்தரவில்லை. தொந்தரவு எங்கே என்றால், சென்னை மீன் மார்க்கெட்டில் போய் நின்று "சீலா இருக்கா?" என்று கேட்டால், "இருக்கு" என்பார்கள். ஷீலா என்று அவர்கள் எடுத்துப் போடுவது வேறு மீன். நீளமான உடம்பு, கீழ்த்தாடை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பல் ஒவ்வொன்றும் ஊசி. எங்கள் பக்கம் அதை ஊளி என்போம். குழம்புக்கு நல்ல மீன்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீலா விலை கொடுத்து வாங்குகிற மீன் இல்லை. இங்கிருந்து மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு என்று சென்னை போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. நாமும் தப்பாகக் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொன்னோம்; அந்தச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு மீனோடு கட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நம்முடைய சீலா ஸ்கோம்பெரோமோரஸ் கொம்மர்சன். அவர்களுடைய ஷீலா ஸ்ஃபைரீனா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. முதலாவது அயிலைக்கும் சூரைக்கும் சொந்தக்காரன். இரண்டாவது வேறு குடும்பம்.

இதைவிட வேடிக்கை வாளை. வாள் மாதிரி நீளமாக, பளபளவென்று தட்டையாக இருந்தால் நம் ஆட்கள் வாளை என்று சொல்லிவிடுவார்கள். கடலில் ஒரு வாளை உண்டு. சாவாளை என்றும் சொல்வதுண்டு, வெள்ளி நாடாவை இழுத்துப் போட்டது போலக் கிடக்கும். முள்வாளை என்று இன்னொன்று. தாமிரபரணியிலும் குளங்களிலும் கிடைப்பது ஆற்றுவாளை. மூன்றும் வாளைதானே, அண்ணன் தம்பியாக இருக்கும் என்று நினைப்போம். வெட்டி உள்ளே எலும்பையும் செவுளையும் பார்த்தால், நாடா மாதிரி இருக்கிற கடல் வாளை அயிலை, சூரை கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. முள்வாளை நம் சாளை, நெத்திலிக்குச் சொந்தம். ஆற்றுவாளையோ மீசை வைத்த கெளுத்தி இனம். மூவருக்கும் பொதுவாக இருப்பது அந்த வாள் உருவம் ஒன்றுதான்.

இதனால் ஊர்ப்பெயர் மட்டம் என்று சொல்ல வரவில்லை. சமையலுக்கும் வலை போடுவதற்கும் அந்த உருவப் பெயர் போதும். சொல்லப்போனால் நம் ஆட்கள் பெயர் வைக்கிற முறையும் விஞ்ஞானிகள் வைக்கிற முறையும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரமில்லை. திருக்கை என்று ஒரு கூட்டம். அதில் புள்ளித்திருக்கை, கொம்புத்திருக்கை. பாறை என்று ஒரு கூட்டம். அதற்கு முன்னால் வட்டம், மஞ்சள் என்று ஒரு அடைமொழி. கூட்டத்துக்கு ஒரு சொல், அதில் இன்னதென்று காட்ட ஒரு சொல். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் ஒழுங்காகச் செய்துமுடித்த இருசொற் பெயரிடும் முறையும் இதுதான். நாம் அடைமொழியை முன்னால் போடுகிறோம், அவர் பின்னால் போட்டார். அவருக்கு முன்னால் ஒரு செடியின் பெயர் என்பது நீண்ட வர்ணனையாகக்கூட இருந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும்: உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துபோன வரிசை. அதை ஒரு முகவரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நாடு, மாநிலம், மாவட்டம், ஊர், தெரு, பிளாக், வீட்டு எண். கூரியர் பையன் கேட்டில் வந்து "நாலு பி" என்று மட்டும் சொன்னால் நம் வாட்ச்மேன் என்ன கேட்பார்? "எந்த பிளாக்?" நாலு பி எல்லா பிளாக்கிலும் இருக்கிறது. அதே மாதிரிதான் இண்டிகா என்ற சொல். வேம்பு அஸாடிராக்டா இண்டிகா. மாமரம் மேங்கிஃபெரா இண்டிகா. புளி டமரிண்டஸ் இண்டிகா. இண்டிகா என்று மட்டும் சொன்னால் எதுவும் புரியாது. பேரினத்தையும் சேர்த்தால்தான் வீடு சேரும். அந்த மேங்கிஃபெராவில் முதல் பாதி நம்முடைய மாங்காய்தான். மாங்காய் காய்ப்பது என்று பொருள்.

லத்தீன் என்றதும் அது நமக்குச் சம்பந்தமில்லாத மொழி என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அதற்காக இரண்டு மூன்று கதை சொல்கிறேன்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்று ஒரு ஜெர்மானியப் பாதிரியார் அங்கே இருந்தார். கரைக்கு வருகிற மீன்களைப் பாடம் செய்து, மீனவர்களிடம் பெயர் கேட்டு எழுதி, பெர்லினில் இருந்த மார்கஸ் பிளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பிவைப்பார். பிளாக் அவற்றை விவரித்துப் பெயரிட்டார். கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானின் பெயரால் ஜானியஸ் என்று 1793-ல் பெயர் வைத்தார். அதில் ஒரு சிற்றினத்தின் பெயர் ஜானியஸ் கருட்டா. அந்தக் கருட்டா வேறொன்றுமில்லை, கருத்தக் கத்தாளையில் இருக்கிற "கருத்த". நாம் சொன்ன ஆற்றுவாளையின் பெயர் வாலகோ அட்டு. அந்த "அட்டு" பேச்சில் "ஆத்து வாளை" என்கிறோமே, அந்த ஆத்து. யாரோ ஒரு மீனவர் சொன்னது பெர்லின் வரைக்கும் போய், உலகத்துப் புத்தகங்களில் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. ஜானின் பெயர் இருக்கிறது, பிளாக்கின் பெயர் இருக்கிறது. சொன்ன ஆளின் பெயர் இல்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

சங்குக்கு இதைவிடப் பெரிய கதை. தூத்துக்குடியில் குளித்து எடுக்கிற வெண்சங்குக்கு லின்னேயஸ் 1767-ல் வொலூட்டா பைரம் என்று பெயர் வைத்தார். பிறகு 1798-ல் ரோடிங் என்ற ஜெர்மானியர் சங்குக்குத் தனிப் பேரினம் கண்டு ஸாங்கஸ் என்று பெயரிட்டார். சொல்லிப் பாருங்கள், சங்குதான். அடுத்த வருஷமே பிரான்சில் லமார்க் அதற்கு டர்பினெல்லா என்று வைத்தார். முந்தி வந்தவருக்கே உரிமை என்பது சட்டம், ரோடிங்தான் முந்தியவர். ஆனால் டர்பினெல்லா என்ற பெயர் பரவலாகிவிட்டதால், விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச ஆணையம் 1950-களில் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி ஸாங்கஸைத் தள்ளிவிட்டது. இன்றைக்கு நம் சங்கு டர்பினெல்லா பைரம். பழைய மீன்வளப் புத்தகங்களில் ஸாங்கஸ் பைரம் என்று பார்த்தால் வேறு ஏதோ என்று நினைக்கவேண்டாம். இன்னொன்று: வலம்புரி, இடம்புரி என்று நாம் உயிரைக் கொடுத்துப் பிரிக்கிறோமே, விஞ்ஞானத்தில் இரண்டும் ஒரே சிற்றினம். சுருள் மாறிப் பிறந்த அபூர்வப் பிறவி, அவ்வளவுதான். விலை ஏறுவது அபூர்வத்துக்கு.

சரி, பெயர் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் ஊர்ப்பெயருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நான் இன்றைக்குச் சொல்ல வந்த விஷயமே அதில்தான் இருக்கிறது. ஊர்ப்பெயர் பேசுகிறவர்களின் பழக்கத்தோடு கட்டப்பட்டது. அறிவியல் பெயர் ஒரு பொருளோடு கட்டப்பட்டது. ஒரு புதிய உயிரினத்துக்குப் பெயர் வைக்கிறவர், இதுதான் நான் சொல்வது என்று ஒரு மாதிரியை, அந்த மீனையே, செடியென்றால் அழுத்தி உலர்த்திய கிளையையே, ஒரு அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கவேண்டும். மூல மாதிரி என்று பெயர். நூறு வருஷம் கழித்துச் சந்தேகம் வந்தால், யாரும் அகராதியைப் புரட்டமாட்டார்கள். அந்தப் பாட்டிலைத் திறந்து மீனைப் பார்ப்பார்கள். பத்திரம் தொலைந்தால் அளந்து பார்க்க நிலம் இருக்கிற மாதிரி.

நம் தாமிரபரணியிலேயே உதாரணம் இருக்கிறது. 1950-களில் இ. ஜி. சைலஸ் என்ற மீனியல் அறிஞர், பின்னாளில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்தவர், இந்த ஆற்றில் ஒரு அழகான கெண்டை வகையைக் கண்டு விவரித்தார். முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீண்டிருக்கும், உடம்பில் கறுப்புத் திட்டுகள். காவிரிப் பக்கத்து மீனின் ஒரு கிளையினம் என்று கருதி, ஆற்றின் பெயரால் தாம்ப்ரபர்ணியை என்று பெயர் கொடுத்தார். அப்போது அது பன்டியஸ் என்ற பேரினத்தில் இருந்தது. பிறகு தனிச் சிற்றினம்தான் என்று முடிவானது. 2012-ல் ரோஹன் பெத்தியகொட முதலான இலங்கை ஆய்வாளர்கள் பன்டியஸ் என்ற பெரிய மூட்டையைப் பிரித்துக் கட்டியபோது, இந்தக் கூட்டத்துக்குத் தனிப் பேரினம் வேண்டுமென்று கண்டு, ரிச்சர்டு டாக்கின்ஸ் பெயரால் டாக்கின்சியா என்று வைத்தார்கள். ஆக, ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரும் நம் பொதிகை ஆறும் ஒரு மீனின் தலையில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள்: டாக்கின்சியா தாம்ப்ரபர்ணியை. புத்தகத்தில் அதன் பின்னால் சைலஸ் என்ற பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள். அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம் உண்டு: முதலில் பெயர் வைத்தவர் இவர், ஆனால் வேறு பேரினத்தில் வைத்தார் என்று. மீன் மாறவில்லை. மூல மாதிரி மாறவில்லை. உறவுமுறை தெளிவானதால் வீட்டுப்பெயர் மாறியது. இது உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அழியும் ஆபத்தில் இருக்கிறது. தனிப்பெயர் இல்லாமல் காவிரி மீனோடு சேர்ந்தே கிடந்திருந்தால், இங்கே குறைவது கணக்கிலேயே வந்திருக்காது.

எல்லா மாற்றமும் இப்படி நியாயமானது என்று நான் வாதாடமாட்டேன். உவரிக்கும் குட்டத்துக்கும் இடையில் தேரிப் பக்கம் போனவர்கள் குடை விரித்தாற்போல் நிற்கிற உடைமரத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் கருவேலமும் நான் படித்த காலத்தில் அகேசியா. அகேசியா என்ற பெயருக்கு மூலமாக நின்றதே ஆப்பிரிக்காவிலும் நம் நாட்டிலும் வளர்கிற கருவேலம்தான். அந்தப் பேரினத்தைப் பிரிக்கவேண்டும் என்று வந்தபோது, விதிப்படி பெயர் கருவேலத்தோடு தங்கியிருக்கவேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் சுமார் ஆயிரம் அகேசியா இருக்கிறது, அத்தனைக்கும் பெயர் மாற்ற முடியாது என்று அவர்கள் கேட்க, 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாட்டில் மூலத்தையே ஆஸ்திரேலிய மரத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 2011-ல் மெல்போர்னில் அது உறுதியானது. நம் கருவேலம் வச்செல்லியா நைலோட்டிகா ஆகிவிட்டது, உடைமரம் வச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ். ஆப்பிரிக்கர்களுக்கு இன்றைக்கும் அதில் கோபம் உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு.

இதெல்லாம் படித்தவர்கள் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். உவரியில் அப்படிச் சொல்ல முடியாது. 2001 ஜூலையில் மத்திய அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் சேர்த்தது. முதல் அட்டவணை என்றால் புலி இருக்கிற பட்டியல். மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. கடலில் போட்ட வலை புலி எது, ஆடு எது என்று பார்க்குமா? கடற்கரை முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. அதே வருஷம் டிசம்பரில் பட்டியலைப் பத்துச் சிற்றினங்களாகக் குறைத்தார்கள். ஒரு மீனவர் வீட்டுக்குப் போவதும் ஜெயிலுக்குப் போவதும் இப்போது அந்தப் பத்து லத்தீன் பெயர்களில் இருந்தது.

அந்தப் பத்தில் ஒன்று ரிங்கோபேட்டஸ் ஜிடென்சிஸ். எங்கள் பக்கம் உழுவை என்று சொல்கிற கூட்டம். முன்பாதி திருக்கை, பின்பாதி சுறா மாதிரி இருக்கும். துடுப்புக்கு வெளிநாட்டில் பெரிய விலை. நம் நாட்டுப் பழைய புத்தகங்களில் எல்லாம் இந்திய உழுவைக்கு ஜிடென்சிஸ் என்றுதான் எழுதியிருந்தார்கள், சட்டமும் அதையே எடுத்துக்கொண்டது. பிறகு மூல மாதிரிகளையும் மரபணுவையும் வைத்து ஒழுங்காகப் பார்த்தபோது, ஜிடென்சிஸ் என்பது செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் இருக்கிற மீன் என்று தெரியவந்தது. நம் கடலில் இருப்பவை ஆஸ்ட்ரேலியே, லேவிஸ் என்ற வேறு சிற்றினங்கள். அதாவது, நம் கடலில் இல்லாத மீனுக்குச் சட்டம் காவல் நின்றுகொண்டிருந்தது. இருந்த மீனுக்கு எழுத்துப்படி காவல் இல்லை. வக்கீல்கள் இங்கே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்; இதை வைத்து என்னவெல்லாம் வாதாடலாம் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2019-ல் சர்வதேச வணிக ஒப்பந்தத்தில் இந்த மீன்களைச் சேர்த்தபோது, புத்திசாலித்தனமாக, குடும்பம் முழுவதையும் சேர்த்துவிட்டார்கள். இங்கேயும் 2022 சட்டத் திருத்தத்தில் அட்டவணைகளை மாற்றி எழுதினார்கள்.

குடும்பமாக, வகுப்பாகச் சேர்ப்பதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் 2001-ல்தான் முதல் அட்டவணையில் ஏறியது. அதில் சிற்றினப் பட்டியல் இல்லை; கடல் அட்டைகள் அனைத்தும் என்று ஒரே வரி. உலகத்தில் கடல் அட்டை 1,700 சிற்றினங்களுக்கு மேல் உண்டு. வெளிநாட்டில் கிராக்கி உள்ளது அவற்றில் கொஞ்சம்தான். அருகிப்போனது, ஏராளமாக இருப்பது, விலை போவது, போகாதது எல்லாவற்றுக்கும் ஒரே தண்டனை. இதே கடலில், அந்தப் பக்கம் இலங்கையில், லைசென்ஸ் வாங்கி அட்டை எடுக்கிறார்கள். தடை வேண்டாம் என்பது என் கட்சி இல்லை; மன்னார் வளைகுடாவை வாரிச் சுருட்டியது உண்மை. ஆனால் எந்தப் படியில் பெயர் எழுதுகிறோம், சிற்றினத்திலா, குடும்பத்திலா, வகுப்பிலா என்பதைப் பொறுத்து யார் வீட்டு அடுப்பு அணைகிறது என்பது மாறுகிறது. அதை முடிவு செய்கிற அறையில் வகைப்பாட்டியல் படித்தவர் ஒருவர் இருக்கவேண்டும், ஏலக்கரையில் நிற்கிறவர் ஒருவரும் இருக்கவேண்டும்.

ஏலக்கரையை நான் சும்மா சொல்லவில்லை. கடலூர் மாவட்டம் முடசலோடை மீன்பிடித் தளத்தில் கிடைத்த ஒரு அஞ்சாலை விலாங்கு அதுவரை யாரும் விவரிக்காத சிற்றினம் என்று கண்டு, 2023-ல் ஜிம்னோதொராக்ஸ் தமிழ்நாடுவென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆழ்கடல் கப்பல் எதுவும் போகவில்லை. கரைக்கு வந்த மீனை ஒருவர் உற்றுப் பார்த்தார்.

ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். 2016 ஜனவரியில், உவரிக்கு வடக்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் வந்து ஒதுங்கின. மீனவர்கள் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்துவிட்டார்கள். சில போயின, சில திரும்பி வந்து செத்தன. பார்க்கப் போன கூட்டம் "எவ்வளவு பெரிய மீன்!" என்றது. மீன் இல்லை, பாலூட்டி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லின்னேயஸே தன் முதல் பதிப்பில் திமிங்கலத்தை மீன்களோடு வைத்து, 1758-ல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். விஷயம் அதுவல்ல. 1973 ஜனவரியில் அதே மணப்பாட்டுக் கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கியிருக்கின்றன. அன்றைக்கு அதைப் பார்த்தவர்கள் "திமிங்கலம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. அளந்து, குறித்து, குளோபிசெபாலா மேக்ரோரிங்கா என்று பதிவு செய்தார்கள். பெயரின் கடைசி எழுத்து இன்றைக்கு இலக்கணத்துக்காக மேக்ரோரிங்கஸ் என்று திருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அதனால்தான் 43 வருஷம் கழித்து, அதே மாதம், அதே கரை, அதே சிற்றினம் என்று சொல்ல முடிந்தது. கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

காபி வாசம் வருகிறது. நம் வளாகத்துக்கு வருகிறேன்.

குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் பெரிய இலையோடு அடுக்கு அடுக்காக நிற்கிற மரத்தை எல்லாரும் பாதாம் மரம் என்கிறோம். டெர்மினேலியா கட்டப்பா. கடையில் வாங்கி ஊறவைத்துச் சாப்பிடுகிற பாதாம், ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்த வேறு மரம்; இந்த வெயிலில் வளராது. நம் மரத்தின் உண்மையான சொந்தக்காரர் யார் தெரியுமா? தாமிரபரணிக் கரையில் நிற்கிற மருதமரம். திருப்புடைமருதூருக்குப் பெயர் கொடுத்த அதே மருதம், டெர்மினேலியா அர்ஜுனா. பலகையில் அந்த முதல் சொல்லை எழுதினால்தான் ஒரு பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்.

சுற்றுச்சுவர் ஓரம் இரண்டு அரளி இருக்கிறது. இளஞ்சிவப்புப் பூ பூப்பது நீரியம் ஒலியாண்டர். மஞ்சளாகப் புனல் மாதிரிப் பூப்பது காஸ்கபெலா தெவீஷியா. பழைய புத்தகத்தில் தெவீஷியா பெருவியானா என்று இருக்கும். பேரினம் வேறு வேறு, குடும்பம் ஒன்று. இரண்டுமே இதயத்தைத் தாக்குகிற விஷம். இந்தப் பலகையில் மட்டும் சிவப்பு மையில் "விஷம்" என்றும் எழுதவேண்டும். எந்தக் குழந்தையாவது வாயில் வைத்துவிட்டால், ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது ஒரு கொப்பை ஒடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பலகையையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "ஏதோ ஒரு பூ" என்று சொன்னால் டாக்டர் என்ன செய்வார்?

ஆகவே என் யோசனை இது. பலகையில் மேலே பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயர். நம்மில் நாஞ்சில் நாட்டுக்காரர் இருக்கிறார், மதுரைக்காரர் இருக்கிறார், மலையாளம் பேசுகிற வீடுகள் இருக்கின்றன. அவரவர் ஊரில் வழங்குகிற பெயரையும் இரண்டாவது வரியில் போடலாம். அதன் கீழே அறிவியல் பெயர், தமிழ் எழுத்திலேயே. கடைசியில் குடும்பத்தின் பெயர். பெயின்டரிடம் பேசிவிட்டேன், நான்கு வரிக்கு ஒத்துக்கொண்டார். பெயர் மாறினால் மூன்றாவது வரியை மட்டும் அழித்து எழுதிக்கொள்ளலாம்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு கேட் பக்கத்து வேம்பிலிருந்து தொடங்குகிறோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நோட்டும் பென்சிலும் போதும். உங்கள் ஆச்சி அந்த மரத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தால் இரண்டாவது வரிக்கு ஆகும்.